பதினாலாம் நம்பர் மிஷின்

மில்லை மூடி ஒன்பது வருஷம். பலவேசத்துக்கு மட்டும் அது மூடவில்லை. தினம் காலையில் பின்வாசல் வழியாக உள்ளே போவார். முப்பது வருஷம் தான் நூல் நூற்ற பதினாலாம் நம்பர் மிஷினைத் துடைத்து எண்ணெய் போடுவார். மில் திறந்தால் முதல் சங்குக்கே ஓட வேண்டாமா? அதன்பிறகுதான் மலையடி மடத்துக்கு வந்து சாமி முன்னால் உட்காருவார். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

அன்று வந்தவர் உட்காரவில்லை.

"என்ன வே, மில்லைத் திறந்துட்டானா?"

"முதலாளி மிஷினை எல்லாம் வித்துட்டாரு சாமி. லாரி வந்து நிக்கு."

"அவரு மிஷின். விக்காரு."

"முப்பது வருஷம் ஓட்டினது நான்லா?"

"அப்ப அங்க போய்ச் சொல்லும்."

"சொல்ல மாட்டேன். லாரிக்கு முன்னால படுக்கப் போறேன்."

"படும். இங்க ஏன் நிக்கீரு?"

போனார். வெயில் சாயும்போது திரும்பி வந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"படுத்தீரா?"

"இல்ல சாமி."

"போலீஸ் வந்துட்டா?"

"ஒருத்தரும் வரல. கழட்ட வந்தவனுவ நாலு பேரு. ஒருத்தனுக்கும் தொழில் தெரியல. கியர்பெட்டியைச் சம்மட்டியால போட்டு அடிக்கான். வார்ப்பிரும்பு சாமி அது. விரிசல் விட்டா அம்புட்டுதான். பாத்துக்கிட்டு நிக்க முடியல. ஸ்பானரைப் பிடுங்கிட்டேன்."

"பிடுங்கி?"

"நானே கழட்டினேன். ஒரு போல்ட்டு கெடல. சாக்கு சுத்தி, லாரியில ஏத்தியும் விட்டேன்."

சாமி சிரிக்கவில்லை. "நல்ல வேலைக்காரரு" என்றார்.

ஏச்சா பாராட்டா, பலவேசத்துக்கு விளங்கவில்லை.

"மிஷினை வாங்க வந்த தரகரும் அதைத்தான் சொன்னாரு. மத்ததெல்லாம் துருப்பிடிச்சு எடைக்குப் போகுதாம். பதினாலு மட்டும் ஓட்டுறதுக்கு. வடக்க ஏதோ மில்லுக்கு."

"போகட்டும். உமக்கென்ன?"

பலவேசம் தலையைக் குனிந்தார்.

"நானும் வாரேன்னு கேட்டேன் சாமி. என்ன கூலின்னாலும் சரி, அதுகூடவே கிடந்துக்கிடுதேன்னேன். வயசு கேட்டாரு. அம்பத்தெட்டுன்னேன். வயசாளி வேண்டாம்னுட்டாரு. லாரி போயிருச்சு."

பலவேசம் கையை வேட்டியில் துடைத்தார். கறுப்பு போகவில்லை. மறுபடி துடைத்தார்.

"அதோட இரும்புல வருஷம் பொறிச்சிருக்கு சாமி. என்னைவிட ஒரு வயசு மூத்தது. அதை எடுத்துக்கிட்டான். என்னை ஏன் எடுக்கல?"

"அதைப் பாத்துக்கிட ஒரு ஆள் இருந்தான் வே."