பத்துப் பேர் வேண்டும்

கிளாட்வின் மாஸ்டரிடம் கராத்தே படிக்கிறவர்கள் கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு நிற்க வேண்டுமென்றால் ஒரு கட்டாயம் உண்டு. முந்தின ஒரு வருஷம், ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கு அவர்களே வகுப்பு எடுக்க வேண்டும். வருஷ முடிவில் அந்தப் பிள்ளைகளில் பத்துப் பேராவது மஞ்சள் பெல்ட் பரீட்சைக்குத் தயாராக வேண்டும். ஒன்பது போதாதா என்று யாராவது கேட்டால், "போதாது" என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

பிரகாசி பிரவுன் பெல்ட். வயது முப்பத்தாறு, ஐஸ் கம்பெனியில் வேலை. மகனை வகுப்பில் விட வந்தவள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டாள். மகன் இரண்டே மாதத்தில் கால்பந்துக்கு ஓடிவிட்டான். அவள் ஓடவில்லை. ஆறு வருஷம் ஆயிற்று. மாஸ்டர் அவளைவிட ஏழு வயது இளையவர். அவள் அவரை மாஸ்டர் என்பாள், அவர் அவளை அக்கா என்பார்.

புயல் வந்தால் ஊர் ஜனம் தங்குவதற்கென்று கடற்கரையில் ஒரு பெரிய கூடம் கட்டியிருக்கிறார்கள். புயல் இல்லாத நாளில் மாலை ஐந்து மணிக்கு அங்கே பிரகாசியின் வகுப்பு. முதல் மாதம் இருபத்துமூன்று பிள்ளைகள். எட்டாவது மாதம் பதினொன்று.

அவள் மாஸ்டரிடம் போனாள்.

"பிள்ளைங்க நிலைக்க மாட்டேங்குது, மாஸ்டர். என்ன செய்ய?"

"நீங்க என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"அடிச்சுத்தான் பாக்கலை. மத்த எல்லாம் செஞ்சாச்சு."

மாஸ்டர் சிரித்தார். "இன்னும் ஏதாவது யோசிங்க. நான் அடுத்த மாசம் வந்து பாக்கேன்."

பிரகாசி யோசித்தாள். வயர்மேன்கள் சுற்றுகிற கலர் டேப் நாலு சுருள் வாங்கினாள். நேரத்துக்கு வந்தால் பெல்ட்டில் ஒரு சிவப்புத் துண்டு. உதை சரியாக விழுந்தால் நீலம். சொன்னதைக் கேட்டால் பச்சை.

ஒரே வாரத்தில் பிள்ளைகள் அவளுக்கு முன்னால் வந்து கதவடியில் நின்றார்கள். பதினொன்று பதினாறாயிற்று.

மாஸ்டர் ஒரு சனிக்கிழமை வந்தார். பிரகாசி பெருமையாகக் கூடத்தைக் காட்டினாள்.

"மாஸ்டரக்கா, நான் நாலு அம்பதுக்கே வந்துட்டேன். ரெண்டு டேப்!"

"அக்கா, எல்லார் செருப்பையும் நான்தான் வரிசையா வச்சேன்."

"பொய்யிக்கா, அவன் செருப்பை மட்டும்தான் வச்சான்."

நிக்சன் என்ற பையனின் பெல்ட்டில் துணியே தெரியவில்லை. டேப் மேல் டேப் ஒட்டி விறைத்துப்போய், முடிச்சுப் போட வரவில்லை. ஊக்கு குத்தியிருந்தான்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டுங்கக்கா," என்றார் மாஸ்டர். "நானும் நேரத்துக்கு வந்துட்டேன்."

பிள்ளைகள் கெக்கலித்தார்கள். பிரகாசிக்கு என்னவோ போல் ஆயிற்று. கையில் டேப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கறுப்பு பெல்ட்ல எப்படி மாஸ்டர் ஒட்ட?"

"ஏன், ஒட்டாதா?"

அவள் வகுப்பைத் தொடங்கினாள். "முன்னால உதை. ஆளுக்கு முப்பது!"

"எத்தனை டேப்புக்கா?" என்றான் நிக்சன்.

"ஒண்ணு."

"முப்பதுக்கு ஒண்ணா? நேத்து இருபதுக்கே ஒண்ணு குடுத்தீங்க!"

"அதானே," என்றது பின்வரிசை.

"சரி, இருபத்தஞ்சு."

"இருபத்திரண்டுக்கா. கடைசி."

மீன் ஏலம் போடுகிற இடத்தில் நிற்கிறமாதிரி இருந்தது பிரகாசிக்கு. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுல உக்காருங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க. காலை முன்னால நீட்டிக்கோங்க."

உட்கார்ந்தாள். அவர் ஒரே ஒரு விரலை அவள் நெற்றியில் வைத்தார்.

"இப்ப எந்திரிங்க."

எழ முடியவில்லை. முக்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது. எழுபது கிலோ உடம்பு அந்த ஒரு விரலுக்குக் கீழே அப்படியே கிடந்தது.

"சும்மா நடிக்காங்க," என்றான் நிக்சன்.

"நீ உக்காருல," என்றாள் பிரகாசி.

நிக்சன் உட்கார்ந்தான். டெல்பின் என்ற எட்டு வயதுப் பெண், இருக்கிறதிலேயே நோஞ்சான், அவன் நெற்றியில் விரல் வைத்தாள். நிக்சன் தலையை ஆட்டினான், கையை உதறினான். நாற்காலிதான் கிறீச்சிட்டது.

"எப்படி மாஸ்டர்?"

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்," என்று அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் கூடம் கூடமாக இல்லை. இருந்த மூன்று நாற்காலிக்கும் வரிசை. கழுத்திலே நரம்பு இருக்கு, அதைத்தான் அமுக்குறாரு என்றது ஒன்று. மூச்சை அடக்கினா எழும்பலாம் என்றது இன்னொன்று. அடக்கிப் பார்த்தது, இருமியது. ஒருத்தி நெற்றிக்குப் பதிலாக மூக்கில் விரலை வைத்து அடி வாங்கினாள். அரை மணி நேரம் கழித்து நிக்சன்தான் கத்தினான்.

"ஏ, எந்திரிச்சிட்டேன்! காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டேன். நுனியில உக்காந்தேன். எந்திரிச்சிட்டேன்!"

"அப்படின்னா விரல்ல ஒண்ணுமில்லையா?" என்றாள் டெல்பின்.

"கால்லதான் இருக்கு."

"அப்ப நிக்கிறப்போ?"

ஒருவரை ஒருவர் நிற்க வைத்து ஒரு விரலால் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார்கள். யார் விழுகிறார், யார் விழவில்லை, விழாதவர் கால் எங்கே இருக்கிறது. எட்டு மாதமாகப் பின்காலை அகட்டி வை, பின்காலை அகட்டி வை என்று பிரகாசி தொண்டை வற்றக் கத்தியது, யாரும் கத்தாமல் நடந்தது. இருட்டிய பிறகு தாய்மார்கள் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஒரு பிள்ளையும் டேப் கேட்கவில்லை.

வாசலில் பிரகாசி கேட்டாள். "டேப்பை நிறுத்திரவா மாஸ்டர்?"

"உங்க வகுப்புக்கா."

"நிறுத்துனா சிலது போயிரும்."

"போகும்."

"பத்துக்குக் கீழே போயிட்டா?"

"போதாது," என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் அவள் டேப் கொடுக்கவில்லை. அந்த வாரமே நாலு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு. நிக்சன் நிற்கவில்லை. சரியாகப் பத்துப் பேர் மிச்சம். மீதிச் சுருளை எடுத்துக் கூடத்தின் ஒழுகுகிற குழாயில் சுற்றிவிட்டாள்.

தினமும் ஏதாவது ஒரு கேள்வியைக் கொண்டு வந்தாள். கத்திக்கொண்டு குத்தினால் அடி பலமாக விழுமா? விழுகிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது? மணல் நிரப்பிய சாக்கைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தூரம் ஆடுகிறதென்று சுவரில் கரியால் கோடு போட்டார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகளே கொண்டு வந்தார்கள். "கண்ணை மூடினா ஒத்தக்கால்ல நிக்க முடியலையே, ஏங்க்கா?" நிக்சனின் அம்மா வந்து சண்டை போட்டாள். "நெத்தியில விரலை வச்சுக்கிட்டு அவங்கப்பாவைச் சோத்துக்கு எழும்ப விடமாட்டேங்கான். இதுதான் கராத்தேயா?"

மஞ்சள் பெல்ட் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அதில் செய்து காட்ட வேண்டிய பாடம் ஒன்பது பேருக்குச் சுத்தமாக வந்துவிட்டது. இருபது அசைவு, நடுவே நாலு இடத்தில் திரும்ப வேண்டும். டெல்பினுக்கு மட்டும் மூன்றாவது திருப்பத்தில் தப்பியது. வாய் இடதுபக்கம் என்று சொல்லும், உடம்பு வலதுபக்கம் போகும். ஆனால் எப்போதும் தப்பவில்லை. ரோட்டைப் பார்த்து நின்று தொடங்கினால் சரியாகச் செய்தாள். கடலைப் பார்த்து நின்றால் தப்பியது.

பிரகாசி இதை வீட்டில் சொன்னாள்.

"இதுக்கா மண்டையைப் போட்டு உடைக்கே?" என்றார் புருஷன். "பரீட்சையன்னைக்கு அவளை ரோட்டைப் பாத்து நிறுத்து. பத்து ஆச்சுல்ல? மாஸ்டருக்குத் தெரியவா போகுது?"

தெரியப் போவதில்லைதான். பரீட்சையிலும் பிள்ளைகளை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பது சொல்லிக்கொடுக்கிறவர் இஷ்டம். மறுநாள் அவள் டெல்பினை ரோட்டைப் பார்த்து நிறுத்தினாள். நாலு தடவை செய்யச் சொன்னாள். நாலும் சரி.

"பரீட்சைக்கு நிக்கியா டெல்பின்?"

டெல்பின் மூக்கைச் சொறிந்தாள். "நிக்கச் சொன்னா நிக்கேன். ஆனா எனக்கு இன்னும் வரலைக்கா. பாதிதான் வந்திருக்கு."

பரீட்சைக்கு முந்தின நாள், வகுப்பு நடக்கும்போது, மாஸ்டர் பிள்ளைகளின் விண்ணப்பங்களை வாங்க வந்தார். நின்றபடியே புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"ஒன்பதுதான் இருக்கு."

"ஒன்பதுதான் மாஸ்டர்."

"டெல்பின்?"

"அவளுக்கு இன்னும் பிடிபடலை."

"அப்போ கறுப்பு பெல்ட்டுக்கு நீங்க இந்த வருஷம் நிக்க முடியாதுக்கா. இன்னொரு வருஷம் வகுப்பு எடுக்கணும்."

ஆறு வருஷம். ஐஸ் கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிரகாசிக்குக் கண் கலங்கிற்று. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாஸ்டர். அது கெடக்கட்டும். இதைச் சொல்லுங்க. அவ ரோட்டைப் பாத்தா சரியாத் திரும்புதா. கடலைப் பாத்தா வலதுபக்கம் போயிருதா. முதல்ல வெளிச்சம்னு நெனச்சேன். ஜன்னலை மூடிப் பாத்தேன், அதில்லை. காத்துச் சத்தமோன்னு காதுல பஞ்சு வச்சுப் பாத்தேன், அதுவுமில்லை. மத்த பிள்ளைங்களுக்கு அப்படி இல்லை. ஏன் மாஸ்டர் அப்படி?"

மாஸ்டர் விண்ணப்பங்களை ஜன்னல் கட்டையில் வைத்தார். மேலே ஒரு கல்லை எடுத்து வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியலையேக்கா," என்றார். "அவளைக் கடலைப் பாத்து நிக்கச் சொல்லுங்க. நீங்க முன்னால நின்னு பாருங்க, நான் பின்னால நின்னு பாக்கேன்."