பட்டாளத்துக் கடிகாரம் உழைக்குமா?

பூதலிங்கத்தின் மார்பு, மூச்சை எவ்வளவு இழுத்து நிறுத்தினாலும், எண்பத்தொரு சென்டிமீட்டர்தான். பட்டாளம் கேட்டது எண்பத்திரண்டு.

மூன்று முறை ஆள் எடுப்புக்குப் போனார். நாட்டைக் காப்பாற்ற ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம் ஓடிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஆனைக்கல் மடத்துக்குச் சீடராக வந்த பிறகும் அந்த ஒரு சென்டிமீட்டர் அவரை விடவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் தன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்வார்.

மடத்தின் குரு இசக்கியம்மாள், பூதலிங்கத்தைவிட ஏழு வயது இளையவர். காவி கிடையாது, சடை கிடையாது. பேருந்து நிலையம் ஒன்றில் பதினெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு வேலைநிறுத்தத்தில் டிரைவர்கள் பக்கம் நின்றார் என்று வேலையைப் பறித்தார்கள், மலைக்கு வந்துவிட்டார். துறவு என்று பெரிய மனிதர்கள் சொல்வது பாதி நேரம் இதுதான். ஆண் சீடர்கள் எல்லாரும் அவருக்கு அண்ணாச்சி. அவர் எல்லாருக்கும் அம்மா.

மடத்து முற்றத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மணிக்கு மணி, அத்தனை அடி அதில் அடிக்க வேண்டும். அது பூதலிங்கத்தின் வேலை. அவர் டவுனுக்குப் போன நேரத்தில் குருவே அடிப்பார். மலையடி ஊரில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் திருப்புவது என்பது அந்த அடியை வைத்துத்தான். பன்னிரண்டுக்கு மேல் ஓர் அடி விழுந்தாலும் காட்டில் தீ என்று அர்த்தம். ஊரே கிளம்பி வரும்.

வாரம் ஒரு முறை டவுனுக்குப் போய் அரிசி கொண்டுவருவதும் அவர் பொறுப்பே. அதற்குச் சைக்கிள் இருந்தது. அவருடைய சொந்தச் சைக்கிள். மடத்துக்கு வரும்போது கூடக் கொண்டுவந்த ஒரே சொத்து.

ஒரு வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து நடந்து வந்தார். அரிசி தலையில் இருந்தது. சைக்கிளைக் காணோம். இடது மணிக்கட்டில், டயரை அறுத்துக் கட்டியதுபோல், தடித்துக் கறுத்த கடிகாரம் ஒன்று இருந்தது.

சமையல் பார்க்கும் சீடர் கோமதிநாயகம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு விசாரித்தார். பூதலிங்கம் மூச்சு வாங்கியபடி விவரம் சொன்னார். இது பட்டாள ரகம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும். இருநூறு மீட்டர் ஆழத் தண்ணீரில் ஓடும். பனி, புழுதி, காந்தம் எதற்கும் அசையாது. கடை வாசலில் ஆள் உயரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் இதைக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறுகிறான்.

விளம்பரத்தில் மலை ஏறுகிற எவன் தலையிலும் அரிசி மூட்டை இருப்பதில்லை.

"நம்ம கிணத்துல இடுப்பளவு தண்ணிதானே கெடக்கு," என்றார் கோமதிநாயகம். "மிச்ச ஆழத்துக்கு எங்க வே போவீரு?"

பூதலிங்கம் அவரை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. கடைக்காரர் சைக்கிளை விலையாக எடுத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளைக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம், அதுவரை சைக்கிளை விற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஏழு நாளுக்குப் பிறகு சைக்கிள் போனது போனதுதான். அதன் பிறகு ஆயுளுக்கும் அரிசி தலையில்தான்.

குருவிடம் போய்க் கையை நீட்டினார்.

"அம்மா, இது உழைக்குமா? விலைக்குத் தகுமா?"

உழைக்குமா என்பது நம் ஊர்க் கடைத்தெருச் சொல். செருப்பு உழைக்கும், பாய் உழைக்கும், குடை உழைக்கும். உழைக்கிற மனிதனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாக உழைக்கும் என்று புகழ்ந்து விற்கிற ஊர் இது.

இசக்கியம்மாள் கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்தார். எத்தனை நாள் தவணை என்று கேட்டார். ஏழு நாள் என்றார் பூதலிங்கம்.

"கட்டிக்கிட்டு வேலையைப் பாருங்க, அண்ணாச்சி," என்றார்.

பூதலிங்கம் வேலையைப் பார்த்தார். ஆனால் கட்டிக்கொண்டு பார்க்கவில்லை. விறகு பிளக்கும்போது சிராய் தெறிக்கும் என்று கழற்றித் துண்டில் பொதிந்து வைத்தார். குளிக்கும்போது சோப்பு படும் என்று கழற்றினார். மாவாட்டும்போது, சாணி தெளிக்கும்போது, வெயிலில் நிற்கும்போதுகூடக் கழற்றினார். படுக்கும்போது தலையணைக்கடியில் வைத்தால் நசுங்குமோ என்று அரிசிப் பானைக்குள் வைத்தார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்குகிற அந்தப் பொருளைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் எங்கேயும் அவர் வைக்கவே இல்லை.

"ஓய், அதைச் சண்டைக்கு அனுப்புறதா, தொட்டில்ல போடுறதா?" என்று கோமதிநாயகம் கேட்டார். பட்டாளப் பொருளைப் பட்டாளக்காரன் மாதிரி மதிக்கத் தெரிய வேண்டும் என்று பூதலிங்கம் பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் பகலில் சுவர்க் கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. இனி எதற்கு அது? தண்டவாளத்தருகே போய், அதிர்வு தாக்காமல் இருக்கக் கடிகாரத்தைக் கழற்றி ஆறடி தள்ளிக் கல்லில் வைத்து, எட்டிப் பார்த்தார். 13:00 என்று இருந்தது. பட்டாளத்துக் கணக்கு. பகல் ஒரு மணியை அது அப்படித்தான் சொல்லும்.

அது பூதலிங்கத்துக்கும் தெரியும். ஒரே ஓர் அடிதான் அடிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் முப்பது வருடம் கழித்துப் பட்டாளத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருக்கிறது. அதைப் போய்த் திருத்துவதா? கம்பியை எடுத்தார். பதின்மூன்று அடி அடித்தார். கடைசி அடியைக் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

கால் மணி நேரத்தில் நாற்பது பேர் மலையேறி வந்துவிட்டார்கள். தலையில் குடம், கையில் பச்சைக் கிளை. தண்ணீர் முறைக்காகப் பத்து நாள் காத்திருந்த செண்பகக்கனி, மடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். அவள் முறைத் தண்ணீர் இந்நேரம் பக்கத்து வயலில் பாய்ந்துகொண்டிருக்கும். தீ எங்கே என்று கேட்டார்கள். தீ இல்லை, மணி பதின்மூன்று என்றார் பூதலிங்கம்.

நாற்பது பேர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

செண்பகக்கனி குடத்தை இறக்கினாள். "எங்க ஊர்ல பன்னெண்டு வரைக்கும்தான் அண்ணாச்சி இருக்கு. மிச்சத்தை நீங்களே வச்சுக்கோங்க," என்றாள்.

இசக்கியம்மாள் எல்லாருக்கும் மோர் கொடுத்தார். செண்பகக்கனியின் தண்ணீர் முறையை மறுநாளுக்கு மாற்றித் தரும்படி ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கினார். பூதலிங்கத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அன்று இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே அடித்தார்.

ஆறாம் நாள் காலையில் குருவிடம் மறுபடி போனார். நாளைக்குத் தவணை முடிகிறது, ஒரு பதில் வேண்டும் என்றார். குரு அப்போது கிணற்றடியில் நின்றிருந்தார். கையை நீட்டினார். பூதலிங்கம் துண்டைப் பிரித்துக் கடிகாரத்தைக் கொடுத்தார்.

குரு அதைக் கிணற்றில் போட்டார்.

கிணறு இரண்டு ஆள் ஆழம். நல்ல கருங்கல் படிகள் உண்டு. பூதலிங்கம் அவற்றைப் பயன்படுத்தவில்லை. கடிகாரம் தண்ணீரைத் தொட்ட சத்தமும் அவர் தொட்ட சத்தமும் ஒன்றாகவே கேட்டதாகக் கோமதிநாயகம் பின்னால் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. துழாவித் துழாவி மூன்று முறை முங்கினார். முதலில் ஒரு பழைய கரண்டி வந்தது. பிறகு கோமதிநாயகம் தொலைத்ததாகச் சொன்ன செம்பு வந்தது. கடைசியில் கடிகாரம் வந்தது. அதன் முகத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார்.

"ஓடுது அம்மா," என்றார் கீழிருந்து.

இசக்கியம்மாள் குனிந்து பார்த்தார்.

"அது சும்மா கெடந்துச்சு, அண்ணாச்சி. குதிச்சது யாரு?"

பூதலிங்கம் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினார். பிறகு படி வழியாக ஏறி வந்தார்.

மறுநாள் அரிசி வாங்கும் நாள். கடிகாரத்தைக் கழற்றாமல் கையிலேயே கட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்தார். ஏதோ வேடிக்கை இருக்கிறது என்று கோமதிநாயகமும் கூடவே போனார்.

கடைக்காரர் கடிகாரத்தை வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார். வாரின் இடுக்கில் கொஞ்சம் கிணற்றுச் சேறு ஒட்டியிருந்தது. அவர் முகம் மாறியது.

"தண்ணியில போட்டுட்டீங்களே. இதை நான் எப்படித் திரும்ப எடுக்க?"

பூதலிங்கத்துக்கு வாய் எழவில்லை. கோமதிநாயகத்துக்கு எழுந்தது. அவர் கடைக்காரரிடம் எதுவும் பேசவில்லை. வாசலுக்குப் போய், அந்த ஆள் உயரப் பலகையின் பக்கத்தில் நின்று, அதில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் தெருவைப் பார்த்து வாசித்தார். மேடையில் தீர்மானம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "இருநூறு மீட்டர்" என்ற இடம் வந்தபோது மட்டும் இரண்டு தடவை வாசித்தார். "எங்க கிணத்துல இடுப்பளவு," என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். வாழைப்பழக் கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எனக் கூட்டம் சேர்ந்தது. வாத்தியார் எழுத்துப் பிழை ஒன்றையும் கண்டுபிடித்துச் சொன்னார்.

இரண்டாம் முறை வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே சைக்கிள் வெளியே வந்துவிட்டது.

சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டது மனத்தாங்கலாகத்தான். "நல்ல வாட்ச்சாச்சே அண்ணாச்சி. உழைக்கலையா?"

பூதலிங்கம் அவரைப் பார்த்தார். இன்னும் தனக்கே கிடைக்காத பதிலை அடுத்தவனுக்கு எப்படிக் கொடுப்பது? அரிசி வாங்கக் கிளம்பிவிட்டார்.

போன வாரம் நடந்து சுமந்ததற்கும் சேர்த்து அன்று மூட்டையைப் பெரிதாகக் கட்டினார். மலைப்பாதை தொடங்கியதும் இறங்கித் தள்ளினார். கோமதிநாயகம் பின்னாலிருந்து தள்ளுவதாகச் சொல்லிக்கொண்டு, கேரியரில் கை வைத்துத் தொங்கியபடி வந்தார். கடைசி வளைவில் சக்கரம் கல்லில் மாட்டியபோது பூதலிங்கம் தோளைக் கொடுத்துத் தூக்கினார்.

முற்றத்துக்கு வந்தபோது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மணி அடிக்கிற நேரமா என்று தெரியவில்லை. இசக்கியம்மாள் வேப்பமரத்தடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எந்தக் கடிகாரத்தையும் பார்க்காமல் ஐந்து விரலைக் காட்டினார்.

பூதலிங்கம் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஐந்து அடித்தார். கீழே ஊரில் ஒருவர் முறை முடிந்து இன்னொருவர் முறை தொடங்கியிருக்கும். யாரும் ஓடிவரவில்லை.

கம்பியை வைத்துவிட்டுக் குருவின் எதிரில் வந்து நின்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மார்பு துருத்திபோல் ஏறி இறங்கியது. பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"அம்மா. நீங்க கடைசி வரைக்கும் பதிலே சொல்லலை. அந்த வாட்ச்... விலைக்குத் தகுமா, தகாதா?"

இசக்கியம்மாள் மூட்டையைப் பார்த்தார். பிறகு ஏறி இறங்கும் அந்த மார்பைப் பார்த்தார்.

"பட்டாளத்தை இப்ப வந்து அளக்கச் சொல்லுங்க, அண்ணாச்சி," என்றார்.