வெறும் பாண்டங்களின் கப்பல்

கப்பல்கள் காற்றை நம்பிப் போய்வந்த முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஒரு மன்னர் ஆண்டுவந்தார். தம் நாட்டு மிளகின் காரம் உலகத்து நாக்குகளிலெல்லாம் ஏற வேண்டும் என்று ஒருநாள் அவருக்கு ஆசை பிறந்தது. உடனே முரசு அறையச் செய்தார்: "அரண்மனையில் பெயர் பதிந்த வணிகர் கடல் கடந்து அனுப்பும் சரக்குக்கு வரி இல்லை. சரக்கைச் சுமந்து போன பாண்டம் வெறுமையாகத் திரும்பினால் அதற்கும் வரி இல்லை."

வணிகர்கள் மகிழ்ந்தார்கள். சுங்கத் தலைவர் நாகதேவருக்குத்தான் தூக்கம் போயிற்று. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க அவர் ஒரு வழி சொன்னார். அயல்நாட்டில் தங்கித் திரும்பும் ஒவ்வொருவனும் தலைவரியாகப் பொன் கட்ட வேண்டும். மன்னர் யோசிக்காமல் தலையசைத்தார்.

மாலுமிகளிடம் பொன் ஏது? மிளகோடு போனவர்கள் அக்கரைத் துறைமுகத்திலேயே மூட்டை தூக்கிப் பிழைத்தார்கள். அயல்நாட்டார் ஓட்டிவந்த கப்பல்களில் குடமும் சாடியும் திரும்பின, ஆட்கள் திரும்பவில்லை.

அப்படிச் சிக்கியவர்களில் ஒருவன் கடம்பன், அரசவை விகடகவி தத்தனின் மருமகன். தத்தனின் மகள் அல்லி தினமும் மாலையில் கரைக்குப் போவாள். கடலிலிருந்து காற்று வீசினால் முகத்தை அதற்குக் காட்டி நிற்பாள். கரையிலிருந்து வீசினால் கூந்தல் பூவைப் பிரித்துத் தண்ணீரில் விடுவாள், அதன் வாசமாவது அவனிடம் போகட்டும் என்பது போல.

"வீட்டுக்கு வாம்மா," என்றான் தத்தன் ஒரு மாலை.

"இன்னைக்கும் கப்பல் வந்துச்சுப்பா. வெறும் எண்ணெய்ச் சாடியெல்லாம் பத்திரமா வந்து இறங்குது. அவரும் ஒரு சாடியாப் பொறந்திருந்தா இந்நேரம் வந்திருப்பாருல்ல?"

சபையையே சிரிக்கவைக்கும் தத்தன் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனான்.

மன்னரின் அன்பெல்லாம் தத்தன் மேலேயே இருப்பது நாகதேவரை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, தத்தனார் பேச்சை விற்றே வயிறு வளர்க்கிறார். அவரும் பெயர் பதிந்து, நாட்டுச் சரக்கை ஏற்றுமதி செய்யட்டும். இயலாவிட்டால் சபையை விட்டு விலகட்டும்."

தத்தனுக்கு ஒரு பிடி மிளகும் விற்கக் கூடாது என்று வணிகர்களை அவர் முன்பே மிரட்டி வைத்திருந்தார். அதை அறியாத மன்னருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது.

"என்ன சொல்கிறீர், தத்தரே?"

"பதிந்துகொள்கிறேன், மன்னா. என் சரக்கு சோறு. அது முன்பே கடல் கடந்துவிட்டது. பாண்டங்கள்தான் அக்கரையில் கிடக்கின்றன. எடுத்துவர ஒரு கப்பல் தந்தருள வேண்டும்."

"வெறும் பாண்டங்களா?"

"வெறுமைதான், மன்னா. அதில் ஐயமே இல்லை."

நாகதேவர் துள்ளிக் குதிக்காத குறை. வெந்த சோற்றை யார் கடல் கடந்து வாங்குவார்? கப்பல் காலியாகத் திரும்பும், தத்தன் தொலைந்தான் என்று எண்ணி, வரிவிலக்கு முத்திரையை அவரே குத்திக் கொடுத்தார்.

பருவக்காற்று மாறியபோது, அக்கரை போன கப்பல் திரும்பி வந்தது. மன்னரும் சபையினரும் துறைக்கு வந்தார்கள். பலகை வழியே இறங்கியவை பானைகள் அல்ல. கன்னம் ஒட்டிய மனிதர்கள்.

"எங்கே தலைவரி?" என்று கத்தினார் நாகதேவர்.

தத்தன் கும்பிட்டான். "இவர்கள்தான் என் பாண்டங்கள், மன்னா. புறப்பட்ட அன்று இவர்கள் வீட்டுப் பெண்கள் இந்த வயிறுகளில் நம் நாட்டுச் சோற்றை நிரப்பி அனுப்பினார்கள். சரக்கு அங்கே செலவாகிவிட்டது. பாண்டம் வெறுமையாகத் திரும்பியிருக்கிறது. ஐயமிருந்தால் சுங்கத் தலைவர் தட்டிப் பார்க்கட்டும்."

முன்னால் நின்றவன் தானே தன் வயிற்றைத் தட்டினான். அது பெரிதாக உறுமியது. மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே திரும்பியவர் கரையில் நின்ற பெண்களைக் கண்டார். ஒருத்தி தன் கணவனின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னரின் சிரிப்பு நின்றது.

"தலைவரி இன்றோடு ஒழிந்தது," என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைத் தத்தனுக்கு அணிவித்தார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

தத்தன் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஆளும் இறங்கிவிட்டான். கடம்பன் இல்லை. கப்பலில் அனைவருக்கும் இடம் போதவில்லை. காய்ச்சலில் கிடந்த கூட்டாளிக்குக் கடம்பன் தன் இடத்தைக் கொடுத்துவிட்டான் என்றார்கள் வந்தவர்கள்.

"இந்தக் கப்பல் இன்னொரு முறை போக வேண்டும், மன்னா."

"போகட்டும். இம்முறை என்ன சரக்கு?"

தத்தன் வாயைத் திறக்கும் முன் அல்லி பலகையில் ஏறிவிட்டாள்.

"என்னையே சரக்காப் பதிஞ்சுக்கோங்கப்பா. கடல் தாண்டிப் போற சரக்குக்குத்தான் வரி கிடையாதே! இனிமே இந்தக் கரையில நிக்க என்னால ஆகாது."

"மகள் தந்தையை வென்றுவிட்டாள்!" என்று மன்னர் மறுபடி சிரித்தார். வழிக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றச் சொன்னார்.

அதன்பின் தத்தன் சபையில் சிரிக்கவைத்துவிட்டு நேரே கரைக்குப் போனான். அல்லி அங்கே நின்று என்ன பார்த்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தக் கப்பலின் பாயும் முதலில் மேகம் போலவே இருந்தது. பல மேகங்கள் மேகமாகவே போய்விட்டன.

ஒருநாள் ஒரு மேகம் கப்பலாயிற்று. அல்லியும் கடம்பனும் சேர்ந்து இறங்கினார்கள்.

"தத்தரே, இதற்கு ஒரு விகடம் சொல்லும்!" என்றார் மன்னர்.

தத்தன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.