பகா எண்களால் ஆன பூட்டு

எண்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு நாட்டை வகுத்தல் என்பவன் பிடித்துக்கொண்டான். பிடித்த கையோடு ஆணை போட்டான்: இனி எந்த எண்ணும் முழுசாக இருக்கக் கூடாது. முழுசாக இருப்பவர்களைக் கண்டால் அவனுக்குப் பயம்.

அந்த வரிசையில் வெகுதூரம் தள்ளிப் பத்தாயிரத்து ஏழும் அவன் தம்பி பத்தாயிரத்து ஒன்பதும் இருந்தார்கள். இருவரும் பகா எண்கள். ஒன்றையும் தங்களையும் தவிர வேறு யாருக்கும் மீதியில்லாமல் வகுபடாதவர்கள். இருவருக்கும் நடுவில் பத்தாயிரத்து எட்டு குடியிருந்தாள். அவளுக்குள் பெரிய குடும்பம். மூன்று இரண்டுகள், இரண்டு மூன்றுகள், ஒரு நூற்று முப்பத்தொன்பது. எல்லாரையும் பெருக்கினால் அவள். அண்ணன் தம்பி பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் போய்வரும்.

காவலர்கள் முதலில் அண்ணனை இழுத்துப்போனார்கள். இரண்டு வகுத்தது; ஒன்று மீந்தது. மூன்று வகுத்தது, இரண்டு மீந்தது. ஏழு வகுத்தது, நான்கு மீந்தது. நூறு வரைக்கும் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். நூறை நூறால் பெருக்கினாலே பத்தாயிரம் வந்துவிடும்; நூறுக்குள் வகுபடாத இவன் அதற்கு மேலும் வகுபட மாட்டான் என்று வகுத்தலுக்குத் தெரியும். நிறுத்தச் சொன்னான். உடம்பெல்லாம் ரணமாகியும் அண்ணன் தலை குனியவில்லை. தம்பியும் அப்படித்தான்.

அடுத்து அவளைக் கொண்டுவந்தார்கள். முதல் வெட்டிலேயே பிளந்தாள்.

"நீங்களாவது முழுசா இருங்கண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அவள் இல்லை. அவளுக்குள் இருந்தவர்களைச் சிறைக்கு ஓட்டிப்போனார்கள்.

சகோதரர்கள் மேல் வகுத்தலுக்குக் கோபமே வரவில்லை. "சிறைக்கு நல்ல பூட்டு இல்லையேன்னு இருந்தேன்" என்றான்.

கொல்லன் பெருக்கலிடம் இருவரையும் ஒப்படைத்தான். பெருக்கல் அவர்களைக் காய்ச்சி ஒன்றாக அடித்தான். பத்துக் கோடியே ஒரு லட்சத்து அறுபதாயிரத்து அறுபத்து மூன்று என்ற பூட்டு உருவானது. வெளியே பார்த்தால் யார் முகமும் தெரியாது. அண்ணனோ தம்பியோ எதிரில் நின்று வகுத்தால்தான் அது திறக்கும். இருவருமே பூட்டுக்குள் இருந்தார்கள்.

அது யாரென்று அறியாமல் கைதிகள் வந்து மோதினார்கள். இரண்டு மோதியது, ஒன்று மீந்தது. மூன்று மோதியது, இரண்டு மீந்தது. நூற்று முப்பத்தொன்பது மோதியபோது நூற்று முப்பத்தெட்டு மீந்தது. மீதியில்லாமல் வகுக்க ஒவ்வொருவருக்கும் ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. பூட்டுக்குள் இருவரும் அந்த அடிகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் எல்லாரும் கைகோத்து, மறுபடியும் பத்தாயிரத்து எட்டாகவே நின்று மோதினார்கள். பத்தாயிரத்து ஏழு மீந்தது.

அவள் மோதுவதை நிறுத்தினாள்.

"அண்ணே," என்றாள் அவள், "நீங்களா?"

பூட்டுக்குள் தம்பி அழுதான். "விட்டுக்குடுத்துடுண்ணே. நாம உடைஞ்சா அவங்க வெளிய வந்துடுவாங்க."

அண்ணன் முயன்றான். உடம்பில் எங்கே தொட்டாலும் நெகிழ ஓர் இடமில்லை.

"உடையத் தெரியலியேடா எனக்கு" என்றான்.