பாஸ்போர்ட்டின் வயிற்றெரிச்சல்

ஒரு தோல்பைக்குள் ஒரு பாஸ்போர்ட்டும் ஒரு குறிப்பு நோட்டும் குடியிருந்தன. பை, தூத்துக்குடி மெட்டில்டா டீச்சருடையது. முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். சுவரில் தொங்கிய வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டிய மத்தியதரைக் கடலை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்து, கப்பலில் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட்டுக்கு ஒரே வயிற்றெரிச்சல். டீச்சர் தினமும் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார், எழுதுகிறார், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். தன்னையோ துறைமுகத்தில் மட்டும் எடுத்து, காரியம் முடிந்ததும் பைக்குள் தள்ளிவிடுகிறார்.

“கதவைத் திறக்கிறது நான், கொஞ்சல் உனக்கா? அப்படி என்னதான் எழுதுறாங்க உன்கிட்ட?” என்றது பாஸ்போர்ட்.

“ரொட்டியைப் பத்தி” என்றது நோட்டு. “துனிஸ்ல ரொட்டித் துண்டு கீழ விழுந்தா, எடுத்து முத்தம் குடுத்து உயரமான இடத்துல வைக்கிறாங்க. இஸ்மீர்லயும் அப்படித்தான். பெய்ரூட்லயும் அப்படித்தான்.”

“ரொட்டியாம் ரொட்டி! என் பக்கத்தைப் பாரு. மூணு ஊருக்கு மூணு முத்திரை. ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு மூஞ்சியைத் திருப்பிக்கும்.”

பேசித் தீர்த்தும் மனசு ஆறவில்லை. ஒரு நாளாவது டீச்சர் தன்னைத் தேடித் தவிக்க வேண்டும், நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த துறைமுகத்தில் கப்பல் நின்றதும் அது பையின் கிழிந்த உள்துணிக்குள் நைசாக நழுவி ஒளிந்துகொண்டது.

வரிசையில் நின்று டீச்சர் பையைத் துழாவினார். “இங்கதானே வச்சேன்... மாதாவே!” பாஸ்போர்ட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாமான்களைப் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரியின் மேசையில் கொட்டினார். நோட்டு வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது. காலையில் மிச்சம் வைத்த ரொட்டித் துண்டு தரையில் விழுந்தது. அந்தப் பதற்றத்திலும் குனிந்து அதை எடுத்து, முத்தமிட்டு, மேசைமேல் வைத்தார்.

அதுவரை விறைப்பாக உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்துவிட்டார். “எங்கம்மாவும் இப்படித்தான் செய்வாங்க” என்று தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். “உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க. ஆனா பாஸ்போர்ட் இல்லாம நான் உங்களை உள்ள விட முடியாது. கப்பலுக்குத் திருப்பித்தான் அனுப்பணும்.”

டீச்சர் அழுதேவிட்டார். போதும் என்று பாஸ்போர்ட் கிழிசலிலிருந்து மெல்லத் தலையை நீட்டியது. டீச்சர் வெடுக்கென்று உருவி நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் டீச்சரின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அதற்குக் கேட்டது. அது பாசம் இல்லை, பயம்.

முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட் பைக்குள் போயிற்று. வெளியே, கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் நோட்டை விரித்தார். அந்த அதிகாரியின் அம்மாவைப் பற்றி எழுதிக்கொண்டே சிரித்தார்.

தன்னைத் தொடும்போது என்றைக்காவது இவர் இப்படிச் சிரித்ததுண்டா என்று பாஸ்போர்ட் யோசித்தது. தனக்குள் இருந்த டீச்சரின் படத்தைப் பார்த்தது.

அதில்கூட அவர் சிரிக்கவில்லை.