அன்னக் காசு செல்லுமா?

கோட்டையை எதிரி வளைத்துக் கிடந்த நேரம். கஜானாவில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. அரண்மனைப் பித்தளைச் சாமான்களை வெட்டி முத்திரை குத்தி, "இனி இதுதான் காசு. போர் முடிந்ததும் வெள்ளியாக மாற்றித் தருவேன்" என்று பறையறைந்துவிட்டார் ராஜா.

நெல் வியாபாரி ஆதப்பச் செட்டிக்குப் பரம்பரைச் சொத்து முழுக்கக் குதிரில் நெல்லாக இருந்தது. காலையில் மதில் காவலன் பெண்டாட்டி ஒருத்தி பித்தளையை நீட்டியபோது, "செல்லாது தாயி" என்று சொல்லிவிட்டார். அவளோ போகாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செட்டி தன் குரு கந்தைச் சாமியைத் தேடி ஓடினார். சாமி இடிந்த கொத்தளத்துக்குக் கல் சுமந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஊரே பித்தளையை நீட்டுது. வாங்கலாமா?"

சாமி மடியிலிருந்து ஒரு காசை எடுத்தார். "என் கூலி. பாரு."

ஓரத்தில் அரைகுறையாக ஓர் அன்னத்தின் கழுத்து.

"அடடே, இது ராஜாவோட வெற்றிலைப் பெட்டியாச்சே! தங்கப் பெட்டி போனப்புறம் இதைத்தானே வெச்சிருந்தார்?"

"இப்ப வெறும் வாயை மெல்லுறார். நேத்து எங்களோட கல் தூக்க வந்தார். பல்லு வெளுத்துப்போச்சு, ஆளே அடையாளம் தெரியலை." சாமி சிரித்தார். "மகராசன்!"

செட்டி காசைக் கல்லில் தட்டினார். தட் என்றது.

"வெள்ளின்னா கணீர்னு பேசும், சாமி. கோட்டை விழுந்துட்டா இதை ஈயம் பூசுறவன்கூட எடுக்கமாட்டான்."

"கோட்டை விழுந்துட்டா, உன் குதிர் மட்டும் நிக்குமா?"

செட்டி காசைத் திருப்பிக் கொடுத்தார். சாமி அவரோடு கடைக்கு நடந்தார். காசைப் பலகையில் வைத்தார்.

"ஒரு மரக்கால் நெல்லு."

குருவிடம் செல்லாது என்று சொல்ல நா எழவில்லை. செட்டி அளந்தார். சாமி அதை அப்படியே அந்தப் பெண்ணின் முந்தானையில் கொட்டினார். அவள் வெடுக்கென்று தன் காசை நீட்டினாள்.

"ஓசி வேண்டாம் சாமி. என் வீட்டுக்காரர் மதில்ல நின்னு சம்பாதிச்சது."

"கொடு தாயி" என்று சாமி வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

அன்னக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு செட்டி விழித்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி. இது செல்லுமா?"

"ராஜாகிட்டேருந்து என்கிட்ட வரைக்கும் செல்லுச்சு. என்கிட்டேருந்து உன்கிட்ட வரைக்கும் செல்லுச்சு. இப்ப உன் கையிலதான் நிக்குது, செட்டி."