லீவரில் வைத்த கை

இன்னாசிமுத்து போர் விமானத்தில் தனியாகவே பறந்து பழகியவர். அதில் பக்கத்து இருக்கையே கிடையாது. ஓய்வு பெற்றுப் பயணிகள் விமானம் ஓட்ட வந்தபோது, அவருக்கு ஆசிரியையாக வாய்த்தவர் கேப்டன் ஹசீனா. வயதில் அவருக்குத் தங்கை மாதிரி.

பயிற்சிக்கூடத்தில், தரையை விட்டு எழும்பாத மாதிரி விமானத்தில், ஹசீனா தீ எச்சரிக்கை மணியை அடிக்கவிட்டார். அது அடங்கும் முன்பே இன்னாசிமுத்து லீவரை இழுத்து, தீப்பிடித்த எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்திவிட்டார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை வேறு.

"பெயில், சார்" என்றார் ஹசீனா.

"தப்பான எஞ்சினை நிறுத்திட்டேனா?"

"இல்லை."

"லேட்டா?"

"இல்லை. லீவர்ல கை வெச்சதும், பக்கத்து சீட்ல ஓட்டுறவர்கிட்ட 'இதானே'ன்னு கேக்கணும். அவர் பார்த்து 'ஆமா'ன்னு சொன்னப்புறம்தான் இழுக்கணும். நீங்க கேக்கலை."

"எனக்கே நல்லாத் தெரியிறப்போ இன்னொருத்தர்கிட்ட எதுக்கு மேடம் கேக்கணும்?"

ஹசீனா மறுபடி மணியை அடித்தார்.

மறுபடியும் பெயில். அதற்கடுத்த முறை இன்னாசிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். தேறினார். ஆனால் மனசு ஆறவில்லை. வெறும் சடங்கு என்றே நினைத்தார்.

சில மாதங்கள் கழித்து இருவரும் ஒரே விமானத்தில் போனார்கள். பின்னால் இருக்கைகள் எல்லாம் நிறைந்திருந்தன. இன்னாசிமுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்கே போகும் விமானம், மாலை வெயில் நேரே கண்ணில் குத்தியது. அப்போது நிஜமாகவே மணி அடித்தது.

ஹசீனா மணியை நிறுத்தினார். "நீங்க ஓட்டுங்க சார். அவசரமே இல்லை."

வெயிலில் இரண்டு எஞ்சின்களுக்கான சிவப்பு விளக்குகளும் வெளிறித் தெரிந்தன. ஹசீனா பார்த்தார். அருகருகே இருந்த இரண்டு லீவர்களில் ஒன்றின்மேல் கையை வைத்தார்.

"இதானே?"

இன்னாசிமுத்து ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். தீ இடது எஞ்சினில். ஹசீனாவின் கை இருந்தது வலது லீவரில். அதை இழுத்தால் நன்றாக ஓடுகிற எஞ்சினும் நின்றுவிடும். அப்புறம் யாருக்கும் வழியில்லை.

"இல்லை கேப்டன். இடது."

கை நகர்ந்தது. "இதானே?"

"ஆமா."

இழுத்தார். தீயணைப்பு மருந்தைப் பாய்ச்சியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினில் திருச்சியில் இறங்கினார்கள். பயணிகள் எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். ஒருவர் மட்டும், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

காக்பிட்டில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். இன்னாசிமுத்துவுக்கு ஹசீனாமேல் பெரிய மரியாதை வந்தது.

"புரிஞ்சுது மேடம்" என்றார். "எனக்குப் புரிய வைக்கத்தானே வேணும்னே தப்பான லீவர்ல கை வெச்சீங்க?"

ஹசீனா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"அத்தனை உசுரைப் பின்னாடி வெச்சுக்கிட்டா பாடம் நடத்துவேன்? நெஜமாவே வலதுன்னுதான் சார் நெனச்சேன். எனக்குத் துளி சந்தேகம்கூட இல்லை."